லோக்கல்: சின்னச் சொல், நிறைய கேள்விகள்

பகலில் மொழிபெயர்ப்பு, மாலையில் பத்துப் பதினைந்து பேருக்கு ஆங்கில வகுப்பு என்று ஓடுகிறது என் பிழைப்பு. இரண்டு இடத்திலும் என்னை அதிகம் மடக்குவது பெரிய பெரிய சொற்கள் இல்லை, 'லோக்கல்'தான். எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை, அங்கேதான் கால் வழுக்குகிறது. வகுப்பில் கேட்டவை, தொலைபேசியில் கேட்டவை, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

'லோக்கல்' என்பதற்கு ஒரே வரியில் பொருள் சொல்ல முடியுமா?

முடியும். 'பேச்சில் இருக்கும் அந்த இடத்துக்கு உரிய.' அவ்வளவுதான்.

இதில் 'அந்த' என்ற சுட்டைக் கவனியுங்கள். எந்த இடம் என்பதைச் சொல் தானாகச் சொல்லாது. பேச்சைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பான் போய்விட்டு வந்தவர் ஆங்கிலத்தில் "லோக்கல் சாப்பாடு பிரமாதம்" என்றால் அது ஜப்பான்காரர் சாப்பாடு, இவர் கையோடு கொண்டுபோன புளியோதரை இல்லை. நம் பிள்ளைகள் பலர் 'லோக்கல்' என்றதும் 'நம்மூர்' என்று மனத்தில் எழுதிவிடுகிறார்கள். நம்மூர் என்பது பேசுகிறவரோடு கூடவே வரும். லோக்கல் அப்படி வராது, பேச்சு போகிற இடத்துக்குப் போய்விடும்.

அகராதியில் 'உள்ளூர்' என்று இருக்கிறது. அதையே எங்கும் போட்டால் என்ன?

போட்டேன், பட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் பல் மருத்துவத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் போடும் ஊசி, லோக்கல் அனஸ்தீசியா. நான் 'உள்ளூர் மயக்க மருந்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்த டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க வெளியூர் மருந்தெல்லாம் போடறதில்லையா?"

அங்கே லோக்கல் என்பது ஊர் இல்லை, ஈறு. உடம்பில் அந்த ஓர் இடம் மட்டும் மரத்துப்போகும், ஆள் விழித்தபடியே இருப்பார். நோயாளியிடம் பேசும்போது 'மரத்துப்போற ஊசி' என்றால் பாட்டிக்கும் புரியும். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கோக்கெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மட்டும் மரக்கவைத்து அறுவை செய்யலாம் என்று காட்டினார். முழு ஆளையும் தூங்கவைக்காமல் ஓர் இடத்தை மட்டும் தூங்கவைப்பது என்ற வழி மருத்துவத்தில் அங்கிருந்துதான் பரவியது.

'உள்ளூர்' தப்பான சொல் இல்லை. ஆனால் அதற்குள் 'ஊர்' உட்கார்ந்திருக்கிறது. ஊர் பொருந்தாத இடத்தில் அது உதைக்கும். தமிழில் உள்ளூருக்கு எதிராக வெளியூர், அயலூர், கிராமத்துப் பேச்சில் அசலூர் என்று நிறைய உண்டு. அந்த ஜோடி பொருந்தினால் உள்ளூர் போடுங்கள். உள்ளூர் வியாபாரி, உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூர் மாப்பிள்ளை எல்லாம் சரி. ஈறுக்கு வெளியூர் கிடையாது.

எவ்வளவு தூரம் வரைக்கும் லோக்கல்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. அளவே கிடையாது என்பதுதான் பதில், ஆனால் அதை நம்பவைக்கச் சில உதாரணங்கள் வேண்டும்.

ஈறில் அரை அங்குலம், பார்த்துவிட்டோம். வாடகை வண்டிக்காரர் "லோக்கலா, அவுட்ஸ்டேஷனா?" என்று கேட்கும்போது நகர எல்லை. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் ஒரு கடன் திட்டத்துக்காக 'உள்ளூர் உணவு' எது என்று வரையறுக்க வேண்டிவந்தது. விளைந்த இடத்திலிருந்து 400 மைலுக்குள், அல்லது அதே மாநிலத்துக்குள் விற்றால் அது உள்ளூர் உணவு என்றார்கள். 400 மைல் என்றால் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். அந்தக் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால் ஊட்டி கேரட் சென்னையில் லோக்கல். நாகர்கோவில் மட்டிப்பழமும் சென்னையில் லோக்கல்தான், ஒரே மாநிலமாயிற்றே. கோயம்பேடு மார்க்கெட்டில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்கு மேலே நாடு. 2020 மே மாதம் பிரதமர் மோடி தொலைக்காட்சி உரையில் 'வோக்கல் ஃபார் லோக்கல்' என்றாரே, அதில் லோக்கல் என்பது இந்தியா முழுவதும். அரசுக் கொள்முதல் விதிகளில் 'லோக்கல் கன்டென்ட்' என்று வருவதும் அப்படித்தான். பொருளின் மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டில் உருவாகியிருந்தால் முதல் வகுப்பு 'லோக்கல் சப்ளையர்'. இதை நான் 'உள்ளூர்' என்று எழுதமாட்டேன், 'உள்நாட்டு' என்று எழுதுவேன். லூதியானாவில் செய்த சைக்கிளைத் தூத்துக்குடியில் நின்றுகொண்டு உள்ளூர் சைக்கிள் என்றால் யார் ஏற்பார்கள்? ஆனால் முழக்கத்தை உள்நாடு என்று தமிழாக்கினால் வோக்கல், லோக்கல் என்ற ஓசை நயம் போய்விடும். சில முழக்கங்கள் மொழிபெயர்க்கப் பிறந்தவை இல்லை.

இன்னும் மேலே போகலாம். நம் பால்வழி மண்டலமும் ஆண்ட்ரோமெடாவும் சேர்ந்த விண்மீன் மண்டலக் கூட்டத்துக்கு வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'லோக்கல் குரூப்'. பெயர் வைத்தவர் எட்வின் ஹபிள். ஆண்ட்ரோமெடா நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. முழுக் கூட்டத்தின் விட்டம் ஏறக்குறைய ஒரு கோடி ஒளியாண்டு. பிரபஞ்சத்தையே பேசிக்கொண்டிருக்கிறவருக்கு அதுவும் பக்கத்துத் தெரு.

ஈறிலிருந்து ஆண்ட்ரோமெடா வரைக்கும் ஒரே சொல்தான். 'எவ்வளவு தூரம்?' என்று கேட்காதீர்கள், 'எதைப் பற்றிய பேச்சு?' என்று கேளுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நம் 'லோகம்'தான் லோக்கல் ஆயிற்று என்கிறார்களே?

ஆகவில்லை. லத்தீனில் 'லோகஸ்' என்றால் இடம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. லோகஸின் பழைய லத்தீன் வடிவம் 'ஸ்ட்லோகஸ்', முன்னால் இரண்டு மெய் இருந்து உதிர்ந்திருக்கின்றன. வடமொழி லோகத்துக்கு அப்படி ஒரு கதை இல்லை. காது கேட்டதை வைத்துச் சொந்தம் கொண்டாடுவது நம் ஊர்ப் பொழுதுபோக்கு, விட்டுவிடுவோம்.

ஆங்கிலத்துக்கு 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்தபோது இது மருத்துவர்களின் சொல். உடம்பின் ஒரு பகுதியோடு நிற்கும் நோயை அப்படிச் சொன்னார்கள். நான் தடுக்கி விழுந்த ஈறுதான் சொல்லின் பிறந்த வீடு என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே லோகஸின் பிள்ளைகள் நம் வாயிலும் நடமாடுகின்றன. இடம்விட்டு இடம் நகர்வது லோகோமோட்டிவ். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் தினமும் லத்தீன் பேசுகிறார்கள். கோர்ட்டில் வழக்குப் போட உங்களுக்கு என்ன 'லோகஸ் ஸ்டாண்டை' என்று கேட்பது, நிற்க இடம் உண்டா என்று கேட்பதுதான். லீவில் போன டாக்டருக்குப் பதிலாக வருகிற லோக்கம் டாக்டர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர். பிரெஞ்சில் லோகஸ் 'லியூ' ஆனது. அந்த லியூவோடு 'பிடித்திருப்பவர்' என்ற பொருளுள்ள 'டெனன்ட்' சேர்ந்து லெஃப்டினன்ட் ஆனது.

தமிழில் 'லோக்கல்' என்றால் ஏன் மட்டம் என்று பொருள்?

"லோக்கலா பேசாத", "அவன் தர லோக்கல்", "லோக்கல் பார்ட்டி". இந்த மூன்றிலும் இடமே இல்லை, எல்லாம் தரம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் கிடையாது. நாம் கடன் வாங்கிய பிறகு நாமே வளர்த்தது.

எப்படி வளர்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு. மெக்கானிக் கடையில் நின்று பாருங்கள். "அண்ணே, ஒரிஜினல் போடவா, லோக்கல் போதுமா?" லோக்கலுக்கு எதிர்ச்சொல் அங்கே வெளியூர் இல்லை, ஒரிஜினல். தூரத்தில் பெரிய கம்பெனியில் செய்தது அசல், பக்கத்துப் பட்டறையில் கடைந்தது மட்டம். சரக்கிலும் அதே கதை: ஃபாரின், லோக்கல். பொருளுக்குச் சொன்னது மெதுவாக ஆளுக்கு ஏறிவிட்டது.

இந்த இளப்பம் லோக்கல் என்ற சொல்லோடு வந்தது இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியில் 'கன்ட்ரி' என்ற அடைமொழிக்குத் தனிப் பதிவு உண்டு. இந்தியாவில் விளைந்த, செய்த பொருளை ஐரோப்பாவிலிருந்து வந்ததிலிருந்து பிரித்துக் காட்டும் சொல், பொதுவாகக் கொஞ்சம் இளக்காரத்தோடு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதன் தமிழ்தான் நம் 'நாட்டு'. நாட்டுக்கோழி, நாட்டு ஓடு, நாட்டுத் தக்காளி, நாட்டு மருந்து. எதிரே நின்றது 'சீமை': சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைப் பசு. வேலிக்காத்தான் என்று திட்டிக்கொண்டே வெட்டுகிறோமே, அந்த மரத்துக்கும் சீமைக் கருவேலம் என்று பெயர்.

அதற்கும் முன்பே நம்மிடம் 'உள்ளூர் மாடு விலைபோகாது' என்ற பழமொழி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. பிராய்லரைவிட நாட்டுக்கோழி கிலோவுக்கு எவ்வளவு கூடுதல் என்று ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சீனியைவிட நாட்டுச்சர்க்கரை விலை அதிகம். ஆங்கிலத்திலும் இதே திருப்பம் நடந்தது. பக்கத்தில் விளைந்ததை மட்டும் சாப்பிடுகிறவருக்கு 'லோக்கவோர்' என்று 2005-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு சொல்லை உருவாக்கினார்கள். இரண்டே ஆண்டில் நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக எடுத்தது. அங்கே கடை வாசலில் லோக்கல் என்று எழுதிவைத்தால் விலையை ஏற்றலாம். இங்கே 'நாட்டு' என்று எழுதினால் ஏறும், 'லோக்கல்' என்று எழுதினால் இறங்கும். ஒரே பொருளுள்ள இரண்டு சொல், இரண்டுக்கும் இரண்டு விலை. 'நாட்டு' மானத்தை மீட்டுக்கொண்டது, கடன் வாங்கிய லோக்கல் இன்னும் தரையிலேயே கிடக்கிறது.

வகுப்பில் நான் இதை விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'லோக்கல் லாங்குவேஜ்' பேசினான் என்று ஒரு மாணவர் ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதினார். அவர் சொல்ல வந்தது கெட்ட வார்த்தை. படிக்கிற வெளிநாட்டுக்காரருக்குப் புரிவது, அவன் அந்த ஊர் மொழியில் பேசினான் என்பது. அதில் என்ன குற்றம் என்று அவர் குழம்பியிருப்பார்.

அப்படியானால் ஆங்கிலத்தில் 'நான் லோக்கல்' என்று சொல்லலாமா?

தாராளமாக. இழிவு ஒன்றும் இல்லை. பெயர்ச்சொல்லாகவும் வரும்: 'லோக்கல்ஸ்' என்றால் அந்த ஊர்க்காரர்கள். நம் ஆங்கிலப் பத்திரிகைகள் சில 'லோக்கலைட்ஸ்' என்று எழுதுகின்றன; அது இந்தியத் தயாரிப்பு, லண்டனில் விலைபோகாது. பிரிட்டனில் ஒருவர் "என் லோக்கலுக்குப் போகிறேன்" என்றால் வழக்கமாகப் போகும் பக்கத்து மதுக்கடைக்குப் போகிறார் என்று அர்த்தம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாரோ என்று நீங்களும் கூடப் புறப்பட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் தொழிற்சங்கக் கிளைக்கும் லோக்கல் என்றே பெயர், பின்னால் ஓர் எண் வரும்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது?

அதிகம் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அப்படியே வரும். 'இந்த ஊருக்கு உரிய' என்று பின்னால் வந்தால் 'டு' சேரும், 'ஃபார்' சேராது. வினையோடு வரும்போது 'லோக்கலி'. 'மோர் லோக்கல்' என்பது சாப்பாடு, செய்தி மாதிரியான விஷயங்களில் செல்லும், அனஸ்தீசியாவில் செல்லாது. கடைசி எழுத்தில் ஓர் 'ஈ' சேர்ந்தால் 'லொகால்' என்று இரண்டாவது அசையை அழுத்திச் சொல்லும் வேறு சொல் வந்துவிடும். அதற்குக் கதையோ சம்பவமோ நடக்கும் களம் என்று பொருள். இரண்டையும் குழப்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தமிழில் ஏன் 'க்' போட்டு எழுதுகிறோம் என்றும் ஒரு பெண் கேட்டாள். நல்ல காது. 'லோகல்' என்று எழுதினால் நடுவில் வரும் ககரம் மெலிந்து 'லோஹல்' ஆகிவிடும். ஆங்கிலத்து வல்லோசையைக் காப்பாற்றவே அந்தப் புள்ளிவைத்த எழுத்து.

லோக்கல் டிரெயின் என்பது சென்னை மின்சார ரயில்தானே?

பொருளில் ஆமாம், வழக்கில் இல்லை. மும்பைக்காரர் 'லோக்கல்' என்று மட்டும் சொன்னால் போதும், ரயில் என்று சொல்லவே தேவையில்லை. அங்கே 1925-இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. சென்னையில் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஓடியது. சென்னைக்காரருக்கு அது 'எலெக்ட்ரிக் டிரெயின்', அப்புறம் 'யூனிட்'. நீராவி வண்டிகளுக்கு நடுவே கரியில்லாமல் ஓடியது கண்ணில் பட்டிருக்கும். ஊருக்குள் ஓடுவது அவ்வளவாகப் படவில்லை போலிருக்கிறது.

நியூயார்க் சுரங்க ரயிலில் லோக்கலுக்கு எதிர்ச்சொல் எக்ஸ்பிரஸ். ஒவ்வோர் இடத்துக்கும் நின்று போவது லோக்கல், இடங்களைத் தாண்டிப் போவது எக்ஸ்பிரஸ். மும்பையில் 'ஃபாஸ்ட் லோக்கல்' என்று கேட்டால் அமெரிக்கருக்குத் தலை சுற்றும்.

பஸ்ஸுக்கு நம் மாவட்டங்களில் லோக்கல் பஸ் என்பதைவிட டவுன் பஸ் என்பதே வழக்கம். எதிரே நிற்பது மொஃபசில் பஸ். மொஃபசில் அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்து, தலைநகருக்கு வெளியே இருக்கும் பகுதிகளைக் குறித்த சொல். 2002-இல் திறந்த கோயம்பேடு நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் அது இருந்தது. தமிழில் 'புறநகர்' ஆக்கிவிட்டார்கள். திருநெல்வேலிக்கு ஓடிய வண்டி எந்தக் கணக்கில் புறநகர் வண்டி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளாட்சி, உள்ளூராட்சி, ஸ்தல ஸ்தாபனம்: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'லோக்கல் பாடி', 'லோக்கல் கவர்ன்மென்ட்'. 1882-இல் வைஸ்ராய் ரிப்பன் உள்ளூர்ச் சுயாட்சி பற்றித் தீர்மானம் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தச் சொல் நம் நிர்வாகத்தில் புழங்குகிறது. சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் கட்டடம் அவர் பெயரில்தான். தாத்தா காலத்துப் பத்திரிகைகளில் 'ஸ்தல ஸ்தாபனம்' என்று இருக்கும். பிறகு தமிழ்நாட்டில் 'உள்ளாட்சி' ஆனது. இலங்கையில் ஊரை விடவில்லை, 'உள்ளூராட்சி' என்கிறார்கள். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை மூன்றும் அதற்குள் அடக்கம்.

சொல்லழகு பார்த்தால் இலங்கைச் சொல் தெளிவு என்பேன். 'உள்ளாட்சி' என்று கேட்கிற குழந்தைக்கு எதற்கு உள்ளே என்று புரியாது. ஆனால் பழைய 'ஸ்தல'த்தை நினைத்தால் எனக்கு ஏக்கம்தான். லத்தீன் லோகஸுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி நம்மிடம் இல்லை. கோயிலுக்குள் மட்டும் பிழைத்திருக்கிறது: தல புராணம், தல விருட்சம். மதுரையில் கடம்பு, சிதம்பரத்தில் தில்லை, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மா. 'லோக்கல் ட்ரீ' என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் தல விருட்சம் அதுதானே? அந்த இடத்துக்கே உரிய மரம்.

உள்ளூர் விடுமுறை அன்று பேங்க் இருக்குமா?

பொதுவாக இருக்கும். தேர், குடமுழுக்கு, சந்தனக்கூடு என்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. ஆட்சியரின் அறிவிப்பிலேயே அந்த வரி இருக்கும். கருவூலங்கள் குறைந்த ஆட்களோடு நடக்கும் என்றும், ஈடு செய்ய எந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்றும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

ரீஜினல், நேட்டிவ், வெர்னாக்குலர்: இவையெல்லாம் லோக்கலின் சொந்தக்காரர்களா?

தூரத்துச் சொந்தம். நேட்டிவ் என்பது பிறப்பு. நீங்கள் ஊரைவிட்டுப் போனாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். லோக்கல் என்பது இருப்பு. "உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒரு தமிழர் கேட்டால் நேட்டிவைத்தான் கேட்கிறார். முப்பது வருடம் சென்னையில் இருந்தவரும் "பூர்வீகம் கும்பகோணம் பக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார். வெர்னாக்குலர், வீட்டில் பிறந்த அடிமையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1878-இல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. நான் அதைத் தொடுவதில்லை.

ரீஜினல் என்பது பல ஊர் சேர்ந்த பெரும்பரப்பு. தமிழில் அதற்கு அலுவலகத்துக்கு ஓர் உடை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் 'வட்டார'ப் போக்குவரத்து அலுவலகம். வானிலைக்காரர்கள் 'மண்டல' வானிலை ஆய்வு மையம். இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரே ரீஜினல். இதற்குள் 'வட்டார' வளர்ச்சி அலுவலர் வேறு இருக்கிறார், அவர் ஆங்கிலத்தில் பிளாக் அதிகாரி. வட்டம் என்றால் தாலுகா. ஆக, வட்டம் ஒன்று, வட்டாரம் வேறு. மொழிபெயர்ப்பாளனுக்குச் சோறு போடுவது இந்தக் குழப்பம்தான், அதனால் ரொம்பவும் குறை சொல்லக் கூடாது.

விமானத்தில் 'லோக்கல் டைம்' என்று அறிவிக்கிறார்கள். இந்தியாவுக்குள் எல்லா ஊருக்கும் ஒரே நேரம்தானே?

கடிகாரத்தில் ஒன்று, வானத்தில் இல்லை. சூரியனைப் பார்த்தால் சென்னை நேரம் இந்திய நேரத்துக்கு சுமார் 9 நிமிடம் பின்னால், கன்னியாகுமரி 20 நிமிடம் பின்னால். 1906-க்கு முன்னால் மெட்ராஸ் நேரம் என்று ஒன்று இருந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் ரயில்வேக்கள் அதையே பிடித்துக்கொண்டன. பொது நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரை தன் நேரத்தை விடவில்லை, பம்பாய் 1955 வரை விடவில்லை. ஜாதகம் கணிக்கிறவர் பிறந்த ஊரைக் கேட்காமல் பேனாவைத் தொடமாட்டார், அவருக்கு இன்னும் எல்லா ஊருக்கும் தனிநேரம். விமானத்தில் சொல்வது, இறங்கப்போகும் இடத்தில் கடிகாரம் காட்டும் நேரம். 'உள்ளூர் நேரம்' சரியான தமிழே.

கம்ப்யூட்டரில் 'லோக்கல் டிஸ்க்', 'லோக்கல் ஹோஸ்ட்' என்று வருவது?

உங்கள் முன்னால் இருக்கும் இயந்திரமே அங்கே 'இடம்'. லோக்கல் டிஸ்க் என்றால் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க், இணையத்தின் மறுமுனையில் இருப்பது இல்லை. லோக்கல் ஹோஸ்ட், அதாவது 127.0.0.1 என்ற முகவரி, கணினி தன்னைத் தானே கூப்பிடும் பெயர். நிரலில் லோக்கல் வேரியபிள் என்றால் அதன் ஒரு செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) மட்டும் உயிரோடு இருப்பது. 'உள்ளூர் வட்டு' என்று திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர் அம்மா ஞாபகம் வருகிறார்.

வேலை விளம்பரத்தில் 'லோக்கல் கேண்டிடேட்ஸ் மட்டும்' என்று இருக்கிறது. நான் திருச்சிக்காரன், மூன்று வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். நான் லோக்கலா?

தனியார் விளம்பரம் என்றால் பெரும்பாலும் லோக்கல்தான். நாளைக்கு நேர்முகத் தேர்வுக்கு வர முடியுமா, வீட்டு வாடகைப் படி கேட்பீர்களா என்பதுதான் அவர்கள் கவலை. விண்ணப்பத்தில் சென்னை முகவரியை மேலே போடுங்கள்.

அரசு வேலை என்றால், எந்த அரசு என்று பாருங்கள். ஹைதராபாத்தில் இந்தச் சொல்லுக்காக ஊரே பற்றி எரிந்திருக்கிறது. நிஜாம் காலத்தில் முல்கி என்றார்கள், மண்ணுக்குரியவர் என்ற பொருளில். வெளியிலிருந்து வந்தவர் 15 ஆண்டு குடியிருந்தால் முல்கி ஆகலாம். முல்கி அல்லாதவர்களுக்கு வேலை போகிறது என்று 1952-இல் கிளர்ச்சி நடந்தது, 1969-இல் மறுபடியும். பிறகு அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவைச் சேர்த்து, 1975-இல் குடியரசுத் தலைவர் ஆணை போட்டு, 'லோக்கல் கேண்டிடேட்' யார் என்று எழுதிவைத்தார்கள். அந்த ஆணையில் பிறந்த இடம் கணக்கில் வரவில்லை. பத்தாம் வகுப்பு வரை தொடர்ந்து நான்கு ஆண்டு எங்கே படித்தீர்கள் என்பதுதான் அதில் முதல் கேள்வியாக இருந்தது.

உங்கள் கணக்கில் மூன்று வருடம்தான் ஆகிறது. நல்லவேளை, நீங்கள் கேட்டது சென்னையில்.